டிம்மில்தான் வந்தேன்

குழி ஆடியின் பயன்கள் யாவை? பள்ளிக்கூடத்தில் இது இரண்டு மார்க் கேள்வி. சவரக் கண்ணாடி, பல் டாக்டரின் கண்ணாடி, வாகனங்களின் முகப்பு விளக்கு. ஓய்வு பெறும்வரை வருஷா வருஷம் இதைப் பலகையில் எழுதிப்போட்டுப் பையன்களை ஒப்பிக்க வைத்தவன் நான். மூன்றாவது பதிலில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம். பரவளையம் ஒன்றை வரைந்து, குவியத்தில் புள்ளி வைத்து, அங்கிருந்து கிளம்பும் கதிர்கள் எல்லாம் இணையாக வெளியே ஓடுவதைச் சாக்பீஸால் இழுத்துக் காட்டுவேன். கடைசி பெஞ்சுகூட அன்றைக்கு நிமிர்ந்து உட்காரும். அதனால் ஹெட்லைட் விஷயத்தில் எனக்கு இன்னொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை என்று ஒரு மிதப்பு. அந்த மிதப்பில் ஒரு வேலையைத் தப்பாகச் செய்தேன். அதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு செய்தவற்றைத்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக் கேட்டில் காரின் வலது மூலையை இடித்துக்கொண்டேன். பழைய ஹேட்ச்பேக். பட்டறையில் பம்பரைக் கழற்றி டிங்கரிங் பார்த்து, ஹெட்லைட்டின் உடைந்த காதை ஏதோ வைத்து ஒட்டி மாட்டிக் கொடுத்தார்கள். அன்று முதல் வலது லைட் வண்டியின் மூக்குக்கு முன்னாலேயே படுத்துவிட்டது. பட்டறைக்கே திரும்பக் கொண்டுபோயிருந்தால் பீம் செட்டிங் மெஷினை முன்னால் நகர்த்தி வைத்து, டீ ஆறுவதற்குள் முடித்திருப்பார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. ஒளியியல் நடத்தியவன் ஸ்க்ரூவைத் திருக ஆள் தேடுவதா?

வேலையில் இறங்கியபோது கொஞ்சநஞ்ச முறையாகவா இறங்கினேன்! எங்கள் தெரு குறுகல். கேட்டைத் திறந்தால் எதிரே ரைஸ்மில்லின் குடோன் சுவர், ஜன்னல் இல்லாமல் நீளமாக, வெள்ளையாக. காரை எப்போதும் ரிவர்ஸில்தான் போர்ட்டிகோவுக்குள் விடுவேன். ஆக லைட் இரண்டும் அந்தச் சுவரைப் பார்த்தே நிற்கும். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் டியூப் லெவலைக் கடன் வாங்கினேன். தண்ணீர் நிரப்பிய அந்தக் குழாயின் ஒரு நுனியைப் பல்பின் மட்டத்துக்குப் பிடித்து, மறு நுனியைத் தெரு தாண்டிக் கொண்டுபோய்ச் சுவரில் குறித்தேன். தண்ணீர் பொய் சொல்லாது. லைட்டின் கூட்டுக்கு மேலே, பானெட்டைத் தூக்கினால் தெரிகிற இடத்தில், 1.0% என்று அச்சடித்திருந்தது. டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்று அர்த்தம். எங்கள் சுவருக்கும் லைட்டுக்கும் நடுவே 5 மீட்டர். எனவே 5 செ.மீ. கீழே இன்னொரு கோடு, சிவப்பு சாக்பீஸில்.

இருட்டியதும் லைட்டைப் போட்டேன். வலது லைட் எதிர்பார்த்தபடி தரையோடு கிடந்தது. லைட்டின் பின்பக்கத் துளையில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை விட்டால் நுனி ஒரு சின்ன பல்சக்கரத்தைக் கவ்வும். அதைத் திருகத் திருக வெளிச்சத்தின் விளிம்பு சுவரில் மெல்ல ஏறுவதைப் பார்ப்பது தனிச் சுகம். சிவப்புக் கோட்டில் கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

அப்போது இடது லைட்டைப் பார்த்தேன். அதை யாரும் இடிக்கவில்லை, கழற்றவில்லை. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. அதன் விளிம்பு என் கோட்டுக்கு அரைச் சாண் கீழே நின்றது. யோசிக்கத் தெரிந்தவன் அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்திருப்பான். நல்ல லைட் ஒன்று கண்ணெதிரே இருக்கிறது, என் கோடு அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது கோட்டையா, லைட்டையா? நான் லைட்டைச் சந்தேகப்பட்டேன். இதுவும் நாளாவட்டத்தில் இறங்கியிருக்கும் என்று முடிவு கட்டி, அதையும் திருகி ஏற்றினேன்.

என்ன நடந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. மழைத்தண்ணீர் வெளியே ஓடுவதற்காக எங்கள் போர்ட்டிகோ தரையைத் தெருப்பக்கம் சரித்துப் போட்டிருக்கிறார்கள். பின்சக்கரம் நிற்கும் இடத்தைவிட முன்சக்கரம் நிற்கும் இடம் 5 செ.மீ. தாழ்வு. இரண்டரை மீட்டர் இடைவெளியில் 5 செ.மீ. என்றால் இரண்டு சதவீதச் சரிவு. வண்டியே தலை குனிந்து நிற்கிறது. நானோ டியூப் லெவல் வைத்து அசல் கிடைமட்டத்தைச் சுவரில் பிடித்து, குனிந்திருந்தவனின் கண்ணை நிமிர்த்திவிட்டேன். அந்த வண்டி சமதளமான ரோட்டுக்குப் போனதும் ஒரு சதவீதம் இறங்க வேண்டிய வெளிச்சம் ஒரு சதவீதம் ஏறியது. லைட்டின் உயரம் 65 செ.மீ. ஒழுங்காக இருந்தால் 65 மீட்டரில் அந்த விளிம்பு தரையைத் தொட்டுவிடும். என் கைவண்ணத்தில் 50 மீட்டர் தள்ளி அது 115 செ.மீ. உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்காரின் டிரைவர் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று. காரணம் தெரியாமல் இருந்தேனே ஒழிய, விளைவு தெரியாமல் இல்லை.

முதல் ராத்திரி தாராபுரத்திலிருந்து ஒட்டன்சத்திரம் ரோட்டில் போனபோதே தெரிந்தது. புளியமரங்களின் அடியில் அடித்த கறுப்பு வெள்ளைப் பட்டை மட்டும் தெரிவதற்குப் பதில் கிளை வரைக்கும் பளீரென்று தெரிந்தது. ஊர்ப்பெயர்ப் பலகைகள் வெகு தூரத்திலிருந்தே கண்ணைப் பறித்தன. முன்னால் போன காருக்குள் என் வெளிச்சம் புகுந்து, அதன் கூரை உள்பக்கம் வெளேரென்று ஆனது. அந்த டிரைவர் கையை உயர்த்தி நடுக்கண்ணாடியைத் தட்டி மடக்கியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஆஹா, என்ன வெளிச்சம் என்று மனைவியிடம் சொன்னேன். சந்தோஷமாக இருந்தது. இதை மறைப்பானேன்? அறுபது வயதுக்கு மேல் ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவனுக்குத் தூரம் தெரிகிற மாதிரி ஆறுதல் வேறில்லை.

எதிரே வருகிறவர்கள் டிப் அடிக்க ஆரம்பித்தார்கள். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்காக ராத்திரி முழுக்க லாரி ஓடுகிற ரோடு அது. அப்போது நடுவில் தடுப்புச்சுவர் கிடையாது. ஒவ்வொரு லாரியும் தூரத்திலேயே இரண்டு தரம் கண்ணடித்து, டிம் பண்ணு என்று கேட்டது. நான் டிம்மில்தான் வந்துகொண்டிருந்தேன். அதற்கு நம் ஊர் டிரைவர்களிடம் ஒரு பதில் உண்டு. பிரைட்டை ஒரு விநாடி போட்டுக் காட்டி மறுபடி டிம்முக்கு வருவது. இதுதான்யா என் பிரைட், இதுவரை நீ பார்த்தது டிம், போ என்று அர்த்தம். எத்தனை லாரிக்கு அப்படிப் பதில் சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் வாதத்தில் ஜெயித்த நிறைவு வேறு. கண் கூசுகிறது என்று சொல்கிறவனுக்கு இன்னும் கொஞ்சம் கூசவைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

சட்டம் தெரியாதவனும் அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 106-ஆவது விதி, முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருகிறவருக்காகக் கீழ்நோக்கி இறங்க வேண்டும் என்கிறது. 8 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணுக்குக் கூசக்கூடாது. ஸ்விட்ச் டிம்மில்தான் இருந்தது என்ற பதில் அதற்குப் போதாது. கண்ணைத்தான் கேட்கிறது. நம் ஊரில் ஹெட்லைட்டின் மேல்பாதிக்குக் கறுப்பு அடித்துக்கொண்டு வண்டிகள் திரிந்த காலமும், போலீஸ்காரர் நிறுத்தி நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்ட காலமும் எனக்கு நினைவிருக்கிறது.

கார்த்திகை மாசம். மைத்துனர் வீட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். டிக்கியில் ஒரு சிப்பம் அரிசி, ஒரு சாக்குத் தேங்காய். பின்சீட்டில் மனைவியின் அக்காவும் அவர் பேரனும். பின்பக்கம் அழுந்த, முன்பக்கம் இன்னும் தூக்கியிருந்தது. கள்ளிமந்தையம் தாண்டி எதிரே ஒரு மொபெட்டின் ஒற்றை விளக்கு மினுக்மினுக்கென்று வந்தது. நெருங்கியதும் அது ரோட்டோரம் ஒதுங்குவது போலத் தெரிந்தது, பிறகு காணோம். கண்ணாடியில் பார்த்தால் சிவப்பு விளக்கு ஒன்று சாய்ந்து தரையோடு கிடக்கிறது.

“ஏனுங், நிறுத்துங்க. ஆரோ உழுந்துட்டாங்க” என்றார் மனைவி.

நிறுத்தினேன். இறங்கி ஓடினேன். அந்த அளவுக்காவது மனுஷனாக இருந்தேன். தார் ரோட்டின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு ஜாண் பள்ளம். வண்டி அதில் இறங்கிப் புரண்டிருந்தது. இரண்டு காலி பால் கேன், ஒரு மூட்டை புண்ணாக்கு. மூட்டை பிரிந்து ஈர மண்ணில் கொட்டியிருந்தது. பெரியவருக்கு என் வயசோ, ரெண்டு கூடவோ. வேட்டியைத் தூக்கி முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிராய்த்த இடத்தில் பொடிக்கல் ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்துக்கொண்டே கேட்டார்:

“ஏனுங் சார், அந்தக் கார் உங்குளுதுங்களா?”

“ஆமாங்க.”

“லைட்டு மூஞ்சியிலயே அடிச்சுப்போடுச்சுங்க. ஒண்ணுமே தெரியலீங்க. ரோடு எங்க முடியுதுன்னே தெரியல.”

அந்த நேரத்தில் என் வாயில் என்ன வந்திருக்க வேண்டும்? நான் சொன்னது இது: “டிம்லதான் வந்தேனுங்க.”

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அதோடு விட்டேனா? அவர் முகத்தில் நம்பாத மாதிரி ஏதோ தெரிந்தது. காருக்குத் திரும்பிப் போய், வண்டியைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தி, சுவிட்சைத் தட்டித் தட்டிக் காட்டினேன். “பாருங்க, இது பிரைட். இது டிம். இதுலதான் வந்தேன்.” வகுப்பில் சோதனை செய்து காட்டுவது போலவே. ரத்தம் கசிகிற முழங்காலோடு அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். வித்தியாசம் தெரியத்தான் செய்தது. பிரைட் இன்னும் மேலே போயிற்று, அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டினார்.

“செரிங்க சார். என்ர கண்ணுலதான் கோளாறாட்ட இருக்குது. வயசாச்சுங்களே.”

அதையும் நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டதோடு நிற்காமல், ஆமாங்க, ஒரு தடவை கண்ணை டெஸ்ட் பண்ணிப் பாத்துருங்க, இலவச முகாமெல்லாம் போடறாங்க என்று புத்தி சொன்னேன். புண்ணாக்குக்குக் கொஞ்சம் பணம் எடுத்து நீட்டினேன். “உங்க மேல தப்பில்லீங்களே சார்” என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டார். வண்டியைத் தூக்கிக் கொடுத்தேன். உதைத்து ஸ்டார்ட் செய்து, காலை நொண்டியபடி ஏறிப் போனார்.

வயதானவர் கண்ணுக்கு ஏன் கூடுதலாகக் கூசும் என்பது எனக்குத் தெரியாததா? கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வருஷம் ஏற ஏற லேசாகக் கலங்குகிறது. உள்ளே நுழையும் ஒளி நேராகப் போகாமல் சிதறுகிறது. ஒளிச்சிதறல், அதுவும் என் பாடம்தான். இருட்டுக்குப் பழகிய கண் ஒரு பளீர் வெளிச்சத்தில் அந்தப் பழக்கத்தை இழந்தால் முழுசாகத் திரும்பிவர 20, 30 நிமிஷம்கூட ஆகும். ஓரளவுக்குத் தெளியவே சில விநாடி வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மொபெட் விநாடிக்கு 11 மீட்டர் ஓடும். அந்தச் சில விநாடியை அவர் குருடராக ஓட்டியிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அல்லது வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

காரில் ஏறியதும் மனைவி, “நம்ம லைட்டு மரத்து மேலயெல்லாம் அடிக்குதுங்” என்றார். டிம்லதான் வந்தேன்னு சொல்றேன்ல என்று எரிந்து விழுந்தேன். பின்சீட்டில் குழந்தை முழித்துக்கொண்டு அழுதது.

மறுநாள் காலையில் எழுந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இறக்கியிருக்கலாம். எடுக்கவில்லை. எடுத்தால் நேற்றுச் சொன்னது பொய் என்று ஆகிவிடும், மனைவி பார்ப்பார். இது ஒரு காரணமா என்று கேட்பீர்கள். எனக்கு அன்று அது பெரிய காரணமாக இருந்தது. மார்கழி போயிற்று. தையில் பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் ரோட்டை நிறைத்தது. முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு சாரிசாரியாகப் போனார்கள். எதிர்த்திசையில் வந்த சிலர் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். பனிக்காக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளிச்சம் நன்றாக இருப்பதால்தான் இத்தனை பேரும் எனக்குத் தெரிகிறார்கள், இது அவர்களுக்கே நல்லது என்றுகூட ஒரு தர்க்கம் செய்துவைத்திருந்தேன். படித்தவனுக்குத் தர்க்கத்துக்கா பஞ்சம்?

மாசியில் காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முன் எல்லாம் சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று மெக்கானிக்கிடம் விட்டேன். சின்னப் பையன். பீம் செட்டரை லைட்டுக்கு முன்னால் உருட்டி வைத்தான். அதன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“யாருங்க சார் இதை செட் பண்ணுனது? ஆகாசத்துக்குப் போகுது.”

“தெரியலப்பா. முன்னாடி எங்கியோ விட்டிருந்தேன், அங்க பண்ணியிருப்பாங்க.”

இது நேரடியான பொய். அந்தப் பழைய பட்டறைக்காரர்கள் தலையில் சுமத்திவிட்டு வந்தேன்.

அன்று மாலை போர்ட்டிகோவில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு நிற்காமல் கேட்டை நோக்கி ஓடியது. இந்தச் சரிவை மேஸ்திரியிடம் சண்டை போட்டுப் போடச் சொன்னவனே நான்தான்.

வீட்டில் லைட் செட் செய்ய முடியாதென்று சொல்ல வரவில்லை. நன்றாகவே செய்யலாம். வண்டி நிற்கும் தரையும் சுவர் வரை உள்ள தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், அல்லது ஒரே சரிவாக இருக்க வேண்டும். அப்போது டியூப் லெவலே தேவையில்லை. தரையிலிருந்து டேப் வைத்து அளந்தால் போதும். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், டிக்கி காலியாக இருக்க வேண்டும், டிரைவர் சீட்டில் ஒரு ஆள் உட்கார வேண்டும். சுவரில் விழும் உருவத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். நம் ஊர் வண்டிகளின் டிம் வெளிச்சம் வலப்பக்கம் தட்டையாக நிற்கும், இடப்பக்கம் சாய்ந்து மேலேறும். இடப்பக்கம் ஏறுவது ரோட்டோரத்தையும் பலகையையும் காட்ட. வலப்பக்கம் தட்டையாக இருப்பது எதிரே வருகிறவருக்காக. என் காரின் ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு இழை இருக்கும், 60 வாட்டும் 55 வாட்டும். டிம் இழைக்குக் கீழே மட்டும் ஒரு சின்ன உலோகக் கிண்ணம். அந்த இழையின் ஒளி ஆடியின் கீழ்ப்பாதிக்குப் போய் மேலே தெறிக்காமல் தடுப்பதுதான் அதன் வேலை. முகம் தெரியாத எவன் கண்ணுக்காகவோ யாரோ உட்கார்ந்து வடிவமைத்த கிண்ணம். பரவளையம் போட்ட அத்தனை வருஷமும் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, பாடப்புத்தகத்தில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் கீழே 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னத் திருகு இருக்கிறது. பின்பக்கம் ஆள், சுமை ஏறினால் எண்ணைக் கூட்டி லைட்டைத் தாழ்த்திக்கொள்வதற்கு. சைபர் என்றால் அது அணைந்திருக்கிறது என்று நினைத்து அத்தனை வருஷமும் தொடாமலே இருந்தேன். அரிசியும் தேங்காயுமாக வந்த ராத்திரியிலும் சைபரில்தான் இருந்தது. அன்று அதைத் திருகியிருந்தால் பாதியாவது இறங்கியிருக்கும்.

அந்தப் பெரியவரைத் தேடவில்லை. கேனோடு போனவர், அந்தப் பக்கத்துப் பால் சொசைட்டியில் விசாரித்தால் ஒரே நாளில் ஆள் கிடைத்துவிடும். போனதில்லை. பகலில் அந்த வழியாகப் போகும்போது மொபெட்டில் கேன் தெரிந்தால் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன். கண் முகாமுக்குப் போனாரா, அங்கே என்ன சொன்னார்கள், ராத்திரியில் வண்டி எடுப்பதையே விட்டுவிட்டாரா, இவையெல்லாம் ராத்திரி ஓட்டும்போது தோன்றுகிற கேள்விகள். மனைவிக்கு இன்றுவரை, மெக்கானிக் பல்பு மாற்றினான் என்றுதான் தெரியும்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். குடோன் சுவரில் நான் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டிருந்ததை அப்போது பார்த்திருக்கிறார். அவர் கார் லைட்டும் ஒரு பக்கம் இறங்கிவிட்டதாம். “நீங்க சயின்ஸ் வாத்தியார், நீங்க பண்ணிக் குடுத்தா கரெக்டா இருக்குமுங்க” என்றார். பட்டறையில் மெஷின் இருக்கிறது, அங்கேயே விட்டுவிடுங்கள் என்றேன். எவ்வளவு தன்னடக்கம் பாருங்க என்று தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டே போனார்.